மூலைமனையில் ஒன்பது வீடுகள்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் நகரசபைக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலிலிருந்து பொறுக்கியெடுத்தேன். இருநூற்றுப் பதினான்கு பக்கம். இதையெல்லாம் ஒரு மனுஷன் உட்கார்ந்து படிப்பானா என்று கேட்காதீர்கள். எதிர்மனையில் மூன்று தளம் எழும்பப்போகிறது என்றால் எவனும் படிப்பான், அடிக்குறிப்பு உட்பட.

எழுபத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு பட்டியல். லோமண்ட் தெரு மூலைமனையில் ஒன்பது வீடுகள் கட்ட அனுமதிக்கக் கூடாது என்று நேரில் வந்து பேசப்போகிறவர்களின் பெயர்கள். முதல் பெயர்: கிளெனிஸ் ஹாரக்ஸ், எண் 6.

கையிலிருந்த காப்பி மேசையில் கொட்டிவிட்டது. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, கறை இன்னும் இருக்கிறது. ஏனென்றால் அதற்கு நான்கு நாள் முன்புதான் அதே கிளெனிஸ் வீட்டுக் கூடத்தில் அளவுநாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நான் மண்டியிட்டிருந்தேன். மறுமுனை அவள் கையில். அவளுடைய பீங்கான் அலமாரி, அந்த ஒன்பதில் இரண்டாம் எண் வீட்டுச் சுவருக்குள் அடங்குமா என்று அளந்துகொண்டிருந்தோம். அலமாரி அடங்கி இரண்டு விரற்கடை மிச்சமும் இருக்கும் என்று கண்டதும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! தெருவில் யாரிடமும் மூச்சு விடாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நான் தலையாட்டினேன். வேறொன்றும் சொல்லவில்லை. (இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.)

கட்டக் கூடாது என்று பேசப்போகிறவள், கட்டாத வீட்டுக்கு அலமாரி அளப்பாளா? எழுதுகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அன்று நான் வேலைக்கே போகவில்லை.

2

முதலில் எழுதியது: "லோமண்ட் தெருவின் மூலையில் ஒரு காலத்தில் சின்னக் கடை ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை மாலைகளில் பிள்ளைகள் அங்கே—"

அடித்துவிட்டேன். கடை மூடிப் பதினோரு வருஷமாகிறது. அது திறந்திருந்த நாளில் நாங்கள் அத்தனை பேரும் பெரிய கடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம். இப்போது அதை நினைத்துக் கண்ணீர் விடுவது சுத்த நடிப்பு.

இரண்டாவது: "நில மண்டல விதி என்பது, ஒரு நகரத்தின் எந்தப் பகுதியில் எவ்வகைக் கட்டடம், எவ்வளவு உயரத்தில்—"

நீங்கள் கொட்டாவி விடுவது இங்கே கேட்கிறது.

மூன்றாவது: "கிளெனிஸின் மகள் ரியானன் தினமும் எண்பது கிலோமீட்டர் கார் ஓட்டி வந்து, அம்மாவைப் படியிறக்கி—"

இந்தப் பெண் நன்றாகத்தான் உருவாகிவந்தாள். மூன்று பக்கம் எழுதினேன், அழவும் வைத்தேன். ஒரே ஒரு சிக்கல், கிளெனிஸுக்கு மகளே கிடையாது. பெர்த் நகரத்தில் ஒரு மகன் இருக்கிறான். ஞாயிறுதோறும் கூப்பிட்டுக் கிரிக்கெட் பேசுவான். உங்கள் இரக்கத்தை வாங்குவதற்காக நான் வரவழைத்த மகளை உங்கள் முன்னாலேயே திருப்பி அனுப்புகிறேன். போய் வா, ரியானன். [உன் கார் ஓட்டத்தை மட்டும் வைத்துக்கொள்கிறேன். அதற்கு உண்மையான சொந்தக்காரி அடுத்த வீட்டிலேயே வளர்ந்தவள்.]

நான்காவதாக எழுதியது நிலைத்தது.

3

கிளெனிஸ் வீட்டு வாசலுக்குப் பதினொரு படி.

மெல்பர்னின் வடகிழக்கில் எங்கள் தெரு ஒரு சரிவில் கிடக்கிறது. எல்லா வீட்டுக்கும் நாலைந்து படி உண்டு, அவள் வீட்டுக்குக் கொஞ்சம் தாராளம். முப்பத்தெட்டு வருஷம் அந்தப் பதினொன்றை எண்ணாமலே ஏறி இறங்கியவள், போன குளிர்காலத்தில் இடுப்பில் ஆபரேஷன் ஆனபிறகு ஒவ்வொன்றோடும் தனித்தனிப் பகை வைத்திருக்கிறாள். ஏறும்போது கைப்பிடி உதவும். இறங்குவதுதான் பாடு. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தால் மேல்படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாகத் தேய்த்துத் தேய்த்தே கீழே வருவாள். (நான் பார்த்திருக்கிறேன். என் சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம்தான். பார்த்ததை அவளிடம் சொன்னதில்லை.)

[அறுபத்தொன்பது வயதுக்காரியை 'அவள்' என்று எழுதுகிறானே என்று சிலர் முகம் சுளிக்கலாம். நான் குடிவந்த அன்று பவ்யமாக 'மிஸஸ் ஹாரக்ஸ்' என்றேன். அந்தப் பெயர் என் மாமியாருடையது, அவள் செத்துப் பன்னிரண்டு வருஷமாகிறது, என்னைக் கிளெனிஸ் என்று கூப்பிடு என்றாள். மரியாதை கொடுத்து எழுதினால் கதையை விட்டே எழுந்து போய்விடுவாள்.]

படியே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரி, இதே தெருவில் படியில்லாத சின்ன வீடாகப் பார்ப்போம் என்று தேடினாள். இல்லை. அடுத்த தெருவில் இல்லை. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் முழுக்கச் சல்லடை போட்டாள். எல்லாம் நான்கு படுக்கையறை, ஐந்து படுக்கையறை. ஒண்டிக்கட்டைக்கு ஐந்து படுக்கையறை எதற்கு, நாளுக்கொன்றில் தூங்கவா என்று வீட்டுத் தரகரைக் கேட்டாளாம். தரகர் காட்டிய படியில்லாத வீடு நகரத்தின் விளிம்பில், ஐம்பது நிமிடம் தள்ளி, மரமே இல்லாத புதுக் குடியிருப்பில் இருந்தது. அங்கே வியாழக்கிழமை நீச்சல் கூட்டாளிகள் இல்லை. புருஷன் நெவில் இறந்த நாளிலிருந்து செவ்வாய்தோறும் அவளுடைய குப்பைத் தொட்டியையும் சேர்த்து உருட்டிக்கொண்டுபோய்ச் சாலையோரம் வைக்கிற பக்கத்து வீட்டு ஸ்டெலியோஸ் அங்கே இல்லை.

பயந்துபோனாள். இந்தத் தெருவை விட்டுப் போனால் சீக்கிரமே செத்துப்போவேன் என்று நாடாவைச் சுருட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள். நாளைக்கு மழை வரும் என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

4

ஏன் ஒரு சின்ன வீடுகூட இல்லை? இதற்கு விடை தேடிப் பழைய தாள்களைப் புரட்டியபோது நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன். விடை கிளெனிஸ்.

பத்து வருஷம் முன்பு, மூலைக்கடை மூடிய மறுவருஷம், ஒரு கட்டுமானக்காரர் அங்கே பன்னிரண்டு வீடு கட்ட மனுப் போட்டார். வேலியில் அறிவிப்பு ஒட்டினார்கள். தெரு கொதித்தது. வக்கீல் ஆபீசில் முப்பது வருஷம் தட்டச்சு செய்த கிளெனிஸ் ஓர் எதிர்ப்புக் கடிதம் எழுதினாள். அடடா, என்ன கடிதம் அது! மூன்றே பத்தி, ஒரு சொல் மிகையில்லை. தெருவே அதில் தன் தன் பெயரைப் போட்டு அனுப்பியது. பன்னிரண்டு வீடும் போச்சு. அதோடு விட்டாளா? இனி ஒருத்தனும் தலைகாட்டக் கூடாது என்று அடுத்த வருஷமே தெரு முழுவதன் நிறத்தையும் மாற்ற வைத்தாள்.

நிறம் என்றால், நகரசபைச் சுவரில் ஒரு வரைபடம் தொங்குகிறது. ஒவ்வொரு மனைக்கும் ஒரு வண்ணம் பூசியிருக்கிறார்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கருஞ்சிவப்பு, அடுக்குவீடு கட்டலாம். இந்தப் பக்கம் வெளிர் ரோஜா. ஒரு மனைக்கு ஒரே வீடு, மனை அறுநூற்றைம்பது சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. அவ்வளவுதான் விதி. பள்ளிக்கூட டீச்சர் இங்கே குடியிருக்கக் கூடாது என்றோ, தனியாகிப்போன கிழவி இருக்கக் கூடாது என்றோ அதில் ஒரு வரி கிடையாது. அளவை எழுதிவிட்டால் போதும், யார் வருவது யார் போவது என்பதை அளவே பார்த்துக்கொள்ளும்.

தக்காளி வாங்கக் கடைக்குப் போகிறீர்கள். அரைக் கிலோ தரமாட்டேன், கூடையோடு எடு, இல்லாவிட்டால் நடையைக் கட்டு என்கிறார் கடைக்காரர். கூடை வாங்க முடிந்தவன் வீட்டில் மட்டும் குழம்பு கொதிக்கும். எங்கள் தெருவில் நிலம் கூடையாகத்தான் விற்கிறது. மூலைமனைக் கூடையை மட்டும் ஒன்பது பங்காகப் பிரித்து விற்க விடலாமா, அந்த ஒரு மனைக்கு நிறத்தை மாற்றலாமா என்பதுதான் இப்போது நகரசபை முன்னால் இருக்கிற கேள்வி.

[நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வீடு முளைத்தால் நாளைக்கே ஊரில் விலை சரிந்துவிடாது. இரண்டாம் எண் வீடும் ஒன்றும் சல்லிசு இல்லை. ஆனால் கிளெனிஸ் தன் பெரிய வீட்டை விற்றுவிட்டு அதை வாங்க முடியும். அவள் காலி செய்த வீட்டுக்குள் பிள்ளைகுட்டியோடு ஒரு குடும்பம் வரும். ஒரு ஆள் நகர்ந்தால் இன்னொரு ஆளுக்கு இடம். பேருந்தில் தினமும் நடப்பதுதான்.]

அன்றைய வெற்றியைத் தெருவில் மேசை போட்டுக் கொண்டாடினோம். ரொட்டித் துண்டில் சாசேஜை வைத்து எல்லோர் கையிலும் கொடுத்தார்கள். அடுப்பருகே நின்று சாசேஜைத் திருப்பிப் போட்டவன் நான்.

5

சரி, எதிர்ப்பவர்கள் பட்டியலில் அவள் பெயர் எப்படி வந்தது? காப்பியைத் துடைத்த கையோடு தாளை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினேன். கிளெனிஸ் கண்ணாடியை மாட்டிப் படித்தாள், கழற்றினாள், துடைத்து மறுபடி மாட்டினாள். பிறகு இரண்டு பேருமாக ஸ்டெலியோஸின் வேலியோரம் போய் நின்றோம்.

ஸ்டெலியோஸ் 4-ஆம் எண். ஒரு பக்கம் கிளெனிஸ், மறுபக்கம் மூலைமனை. வேலியோரம் தக்காளிப் பாத்தி போட்டிருக்கிறான். மூன்று தளம் எழும்பினால் மதியம் மூன்று மணிக்கு மேல் அந்தப் பாத்திக்கு வெயில் கிடையாது. இது வீண் பயம் இல்லை, கட்டுமானக்காரரே வரைபடத்தில் நிழலைக் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்.

"உன் லெட்டரைத்தான் போட்டேன், கிளெனிஸ்," என்றான் பெருமையாக. "பத்து வருஷமா கம்ப்யூட்டர்ல பத்திரமா வச்சிருந்தேன். பன்னெண்டை ஒம்பதுன்னு மாத்தினேன். தேதியை மாத்தினேன். வேற ஒரு எழுத்தைத் தொடல. தங்கமான லெட்டர்."

"பேரை மாத்தினியா?"

ஸ்டெலியோஸ் கையிலிருந்த தண்ணீர்க் குழாய் பாத்தியை விட்டு அவன் செருப்பிலேயே ஊற்றியது.

"அடியில ஒரு கட்டம் இருக்குமே, நேர்ல வந்து பேச விரும்புறேன்னு. அதுல டிக் போட்டிருந்தேனே?"

"அதுவும் உன் டிக்தான். அழகா இருக்கேன்னு விட்டுட்டேன்."

இது எங்கள் தெருக்காரர்களால் மட்டுமே செய்ய முடிந்த தப்பு. யாராவது மாடி எடுத்தாலும், மரம் வெட்டினாலும், நாய்களுக்குப் பூங்கா என்று பேச்செடுத்தாலும், பத்து வருஷமாகப் போவது கிளெனிஸின் அந்த ஒரே கடிதம்தான். பெயரையும் பொருளையும் மாற்றிவிட்டு அனுப்பிவிடுவோம். அது எங்களுக்கு அனிச்சையாகிவிட்டது.

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிடலாம் என்று கிளெனிஸ் நினைத்திருக்க வேண்டும்.

"ஸ்டெலியோஸ், அதுல ஒண்ணை நான் வாங்கலாம்னு இருக்கேன். ரெண்டாம் நம்பர். படி இல்ல."

"வெளையாடாத."

"வெளையாடல."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இத்தனை வருஷம் பக்கத்துல இருந்துட்டு, இப்ப என் தலை மேல வந்து உக்காரப் போறியா?"

"தலை மேல இல்லப்பா. தரைத்தளம். உன் முழங்காலுக்குச் சமமா."

நல்ல பதில்தான். அவன் சிரிக்கவில்லை. தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு உள்ளே போனான். கதவு சாத்திய சத்தம் என் வீடுவரை கேட்டிருக்கும்.

6

அந்தச் செவ்வாய் கிளெனிஸின் குப்பைத் தொட்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

இது உங்களுக்கு ஒரு சின்ன விஷயமாகத் தோன்றலாம். எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுத் தொட்டியை வெளியே வைப்பது என்பது, நீ இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும் என்று சொல்வது. நான்காம் எண் தொட்டி மட்டும் சாலையோரம் தனியாக நின்றது. ஆறு மணிக்குக் கிளெனிஸ் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி, ஒரு கையில் தடியும் ஒரு கையில் தொட்டியுமாக இழுத்துக்கொண்டு போனாள். பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினாள். நான் போய் வாங்கியிருக்கலாம். ஜன்னல் திரையைப் பிடித்தபடி நின்றேன், போகவில்லை. காரணத்தை ஒன்பதாம் பகுதியில் சொல்கிறேன், அவசரப்படுத்தாதீர்கள்.

இந்த இடத்தில் கார் ஓட்டத்தின் சொந்தக்காரியை அறிமுகப்படுத்த வேண்டும். ஸ்டெலியோஸின் மகள் டெஸ்பினா. நான்காம் எண்ணில் வளர்ந்தவள், இப்போது எங்கள் தெருக்கோடிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். வாடகைக்கு இருப்பதோ ஒன்றேகால் மணி நேரம் தள்ளி. காலையில் அப்பா வீட்டைத் தாண்டும்போது ஹாரன் அடிப்பாள், இறங்க நேரம் இருக்காது. பெற்ற பிள்ளை ஒரு வேளை சாப்பிட வருகிறதா என்று ஸ்டெலியோஸ் புலம்பாத நாளில்லை. அந்தப் புலம்பலையும், மூலைமனையில் ஒரு செங்கல் வைக்க விடமாட்டேன் என்ற சபதத்தையும் அவன் ஒரே மூச்சில் சொல்லுவான். இரண்டையும் சேர்த்து ஒரு கோடு இழுக்கலாம் என்று அவனுக்கும் தோன்றியதில்லை, கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் தோன்றியதில்லை.

மறுநாள் கிளெனிஸ் நகரசபைக்குப் போன் போட்டாள். ஆதரித்துப் பேசப் பெயர் கொடுக்கும் கெடு முடிந்துவிட்டதாம். எதிர்ப்பவர்கள் பட்டியலில் உங்களுக்கு இடம் இருக்கிறது, வேண்டுமானால் பெயரை எடுத்துவிடலாம் என்றாளாம் அங்கிருந்த பெண். பேசக் கொடுக்கிற மூன்று நிமிடத்தில் என்ன பேசணும்னு ஏதாவது விதி இருக்கா என்று கிளெனிஸ் கேட்டிருக்கிறாள். அப்படி ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது.

போனை வைத்துவிட்டு எனக்குக் கையசைத்தாள் பாருங்கள், ஜன்னல் வழியாக, பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி! கதை என் கையை விட்டு அவள் கைக்குப் போனது அப்போதுதான். நான் அவளுக்காக ஒரு சோகமான வெளியேற்றத்தை எழுதி வைத்திருந்தேன். பெட்டி, வண்டி, கடைசிப் படியில் ஒரு தடவல் என்று ஒன்றரைப் பக்கம். கிழித்துப் போட்டேன்.

7

செவ்வாய்க்கிழமை, மாலை ஆறரை. பிப்ரவரிக் கோடை வெயில் இன்னும் ஜன்னல் கண்ணாடியில் காய்ந்துகொண்டிருந்தது. கிளெனிஸ் என் காரில்தான் வந்தாள். வழியெல்லாம் வாய்க்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் ஒன்றைச் சொல்ல வாயெடுத்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

கூட்டம் தொடங்கியதும் ஒரு கவுன்சிலர் எழுந்தார். எங்கள் தெருவில் அவருக்கு ஒரு வீடு இருக்கிறது. இந்த விஷயத்தில் எனக்குச் சொந்த நலன் உண்டு என்று அறிவித்துவிட்டு, காகிதங்களை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வாக்கெடுப்பு முடியும்வரை அவர் தாழ்வாரத்தில்தான் இருக்க வேண்டும். அது விதி. கதவு சாத்தப்பட்டது. மேயர் நீங்கலாக எட்டுப் பேர் மிஞ்சினார்கள்.

"எதிர்ப்பவர்கள். முதலாவது, கிளெனிஸ் ஹாரக்ஸ்."

பேசும் மேசையில் நேரம் காட்டும் மூன்று விளக்கு. பச்சை எரிந்தது. இரண்டாம் வரிசையில் ஸ்டெலியோஸ் அடுத்த பேச்சாளராகக் கையில் தாளோடு உட்கார்ந்திருந்தான். கெடு முடிவதற்குள் தன் பெயரிலும் ஒரு மனு போட்டுவிட்டான், இந்தத் தடவை பெயரைச் சரியாகப் போட்ட தாள்.

"நான் எதிர்ப்பவங்க லிஸ்ட்ல இருக்கேன், அது சரிதான்," என்று ஆரம்பித்தாள். "நான் ஒரு லெட்டரை எதிர்க்க வந்திருக்கேன். அந்த லெட்டரை எழுதினவளும் நான்தான்."

எட்டுத் தலையும் நிமிர்ந்தன.

முதல் பத்தியைப் படித்தாள். எங்கள் தெருவின் குணம் கெட்டுவிடும் என்று எழுதியிருந்தாள். அந்த வருஷம் தெருவில் பதினேழு பிள்ளைகள் இருந்தார்கள், இன்று இரண்டு, கெடுவதற்கு இன்னும் என்ன குணம் பாக்கி இருக்கிறது என்று கேட்டாள். இரண்டாம் பத்தி, கார் நிறுத்த இடமிருக்காது. காரை விற்றாகிவிட்டது, இனி என் பங்குக்கு ஒரு இடம் காலி என்றாள். யாரோ சிரித்தார்கள். நிழல் விஷயத்தை அவள் மறைக்கவில்லை. பக்கத்துப் பாத்திக்கு வெயில் குறையும், அது நிஜமான நஷ்டம், கட்டுகிறவர் மேல்தளத்தை உள்ளே தள்ளிக் கட்டட்டும் என்று அவரிடம் எழுதிக் கேட்டிருக்கிறேன் என்றாள். ஸ்டெலியோஸ் தலையைத் திருப்பவில்லை.

மஞ்சள் எரிந்தது.

"மூணாவது பத்தி. 'இங்கே வரப்போகிறவர்கள் வந்து போகிற ஆட்கள். இந்தத் தெருவில் வேர் பிடிக்க மாட்டார்கள்.' இப்படி எழுதினேன். அந்த ஆளுங்க யாருன்னு அப்ப நான் யோசிக்கல. இப்பத் தெரிஞ்சுபோச்சு. ஒருத்தி, தெருக்கோடி ஸ்கூல்ல பாடம் சொல்லிக் குடுக்கிற பொண்ணு. இதே தெருவுல நடை பழகினவ. அவளை ஒன்னேகால் மணி நேரம் தள்ளி அனுப்பினது இந்த லெட்டர். இன்னொருத்தி நான்."

சிவப்பு. ஒலிபெருக்கி நின்றுபோனது. கிளெனிஸ் நிற்கவில்லை.

"முப்பத்தெட்டு வருஷமா வேர் பிடிச்சிருக்கேன்," என்றாள் வெறும் குரலில். "வேரை அறுக்காம ரெண்டு வீடு தள்ளி நட முடியுமான்னு கேக்கறேன். அவ்வளவுதான்."

அடுத்து ஸ்டெலியோஸின் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தான். தாளைப் பார்த்தான். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பேச்சு மேசைக்குப் போகாமல் கதவைத் திறந்து வெளியே போய்விட்டான். கோபமா, அழுகையா? கடைசி வரிசையிலிருந்த எனக்கு அவன் பிடரி மட்டும்தான் தெரிந்தது. தெரியாததை எழுத மாட்டேன்.

8

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

(அ) நிறம் மாறுகிறது. கிளெனிஸ் இரண்டாம் எண்ணுக்கும் டெஸ்பினா ஏழாம் எண்ணுக்கும் குடிவருகிறார்கள். ஸ்டெலியோஸ் முதல் தக்காளியைப் பறித்துக்கொண்டு— வேண்டாம். கல்யாணச் சாப்பாடு மாதிரி இருக்கிறது, எல்லா இனிப்பும் ஒரே இலையில். டெஸ்பினாவுக்கு அதை வாங்கக் கட்டுப்படியாகுமா என்று நான் விசாரிக்கவேயில்லை.

(ஆ) நிறம் மாறவில்லை. கிளெனிஸ் நகர விளிம்புக்குப் போகிறாள். அலமாரி அங்கே தாராளமாக அடங்குகிறது. இரண்டு வருஷம் கழித்து மூலைமனையில் நீச்சல்குளத்தோடு ஒரே ஒரு பெரிய வீடு— இதையும் எழுதிவிட்டேன். நம்பும்படி இருக்கிறது, அதனாலேயே பக்கத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

(இ) முடிவைத் தள்ளிவைக்கிறார்கள், மேலும் ஆய்வு தேவை என்று. நகரசபைகளை அறிந்தவர்கள் இதற்குத்தான் பந்தயம் கட்டுவார்கள். ஆனால் படிகள் தள்ளிவைக்காது. தினமும் பதினொன்று.

நான் இப்படி அலைபாய்ந்துகொண்டிருக்கும்போதே கவுன்சிலர்களைக் கை தூக்கச் சொல்லிவிட்டார்கள். நிறத்தை மாற்றலாம் என்று நான்கு கை. வேண்டாம் என்று நான்கு கை. எண்ணினார்கள், மறுபடி எண்ணினார்கள். சமமாக நின்றால் மேயரின் கைதான் முடிவு.

9

எதிர்ப்பு மனுக்கள் மொத்தம் நாற்பத்தொன்று. இருபத்து மூன்றாவது என்னுடையது.

கிளெனிஸின் கடிதம்தான். பெயரையும் எண்ணையும் கவனமாக மாற்றி, நேரில் பேசுகிற டிக்கையும் எடுத்துவிட்டு அனுப்பியிருந்தேன். அளவுநாடாவைப் பிடிப்பதற்கு ஒரு வாரம் முன்பு. நான் வேறொன்றும் சொல்லவில்லை என்று முதல் பகுதியில் எழுதினேனே, அது இதுதான். தொட்டியை வாங்கப் போகாததும் இதனால்தான். கூட்டம் தொடங்கும்வரை மனுவைத் திரும்பப் பெறலாம் என்று தாளிலேயே போட்டிருந்தது. காரில் வாயெடுத்தேன், வரவில்லை.

ஏன் அனுப்பினேன்? பயம். என் வீட்டின் விலை இறங்கிவிடுமோ என்ற பயம், என் வாசலில் யார் யாரோ கார் நிறுத்துவார்களோ என்ற பயம். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு கடை மாடியில் ஒற்றை அறையில் நாலு வருஷம் குடியிருந்தேன். அது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், கருஞ்சிவப்பில் இருந்தது. அந்த நிறம் மட்டும் இல்லாமல் போயிருந்தால் இந்தக் கதையை எழுத நான் இங்கே இருந்திருக்க மாட்டேன்.

ஆக, இந்த விஷயத்தில் எனக்குச் சொந்த நலன் உண்டு என்று அறிவிக்கிறேன். அப்படி உள்ளவர் முடிவு எடுக்கும்போது அறையில் இருக்கக் கூடாது. கவுன்சிலருக்கு ஒரு விதி, கதை எழுதுகிறவனுக்கு ஒரு விதியா? காகிதங்களை எடுத்துக்கொண்டு வெளியே போகிறேன். மேயரின் நாற்காலிக்கு நான் இதுவரை ஒரு முகமும் கொடுக்கவில்லை, கவனித்திருப்பீர்கள். அதில் நீங்கள் உட்காருங்கள்.

தாழ்வாரத்தில் அந்தக் கவுன்சிலர் போனில் பேசிக்கொண்டிருந்தார். பெஞ்சில் ஸ்டெலியோஸ். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இருபத்து மூணாவது நான்தான்," என்றேன்.

"தெரியும். பட்டியல்ல பாத்தேன்." சட்டைப்பைத் தாளை எடுத்து இன்னொரு மடிப்பு மடித்தான். "வரும்போது அவ தொட்டியையும் எடுத்து வெளிய வச்சுட்டுத்தான் வந்தேன். பேசறதுக்கு முன்னாடியே. அதை அவகிட்ட சொல்லிடு, பேச்சைக் கேட்டு மனசு மாறிட்டான்னு நெனச்சுக்கப் போறா."

"நீயே சொல்லேன்."

அவன் பேச்சை மாற்றினான். "கை எத்தனை?"

"நாலுக்கு நாலு."

"அப்ப யாரு முடிவு பண்றது?"

"உள்ள ஒருத்தர் இருக்காங்க. இவ்வளவு நேரம் நம்மளைப் படிச்சுக்கிட்டு இருந்தவங்க."

ஸ்டெலியோஸ் சாத்திய கதவைப் பார்த்தான்.

"அவங்க தெரு என்ன கலரு?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. கிளெனிஸ் உள்ளே முதல் வரிசையில், தடியை மடியில் வைத்துக்கொண்டு உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். முடிவானதும் கதவைத் தட்டுங்கள்.